வெளிநாட்டு வேலையா? முதலில் சான்றிதழைப் பாருங்கள்

வெளிநாட்டில் வேலை உறுதியானதும் பெட்டி, துணிமணி என்று ஓடாமல் முதலில் சான்றிதழ்களை எடுத்து மேசையில் பரப்புங்கள். பட்டம், பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது சான்றிதழில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று அரசு தரும் முத்திரை, கேட்கலாம். 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இரு நாடுகளும் சேர்ந்திருந்தால் பொதுவாக இந்த ஒரு முத்திரையே போதும். இல்லையென்றால் தூதரகச் சான்றொப்பம் வரை போக வேண்டியிருக்கும். சான்றிதழ் எந்த நாட்டில் வழங்கப்பட்டதோ, அந்த நாட்டு அதிகாரிகள்தான் அப்போஸ்டில் தர முடியும். போய்ச் சேர்ந்த பிறகு தூரத்திலிருந்து இதற்கு அலைவது பெரும்பாடு, இப்போதே முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் சான்றிதழ்ப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். இனிஷியல் ஓரிடத்தில் விரிந்து, இன்னோரிடத்தில் சுருங்கியிருந்தால்கூடக் கேள்வி வரும்.

அப்புறம் வங்கி. ஓடிபி வங்கியில் பதிவுசெய்த பழைய எண்ணுக்குத்தான் வரும், அந்த சிம்மில் ரோமிங் வசதி இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே உறுதிசெய்யுங்கள்.

தினமும் மருந்து சாப்பிடுபவர்கள், மருந்தின் மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்) எழுதிய சீட்டை மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். பிராண்டு பெயர் நாட்டுக்கு நாடு மாறும். சில மருந்துகளுக்கு முன்அனுமதியும் தேவை, போகும் நாட்டின் தூதரகத்தில் விசாரித்துவிடுங்கள்.