ஜெனரேட்டர் ஓடுது, வார்டுலதான் கரண்ட் இல்ல: புயல் நேரத்து மருத்துவமனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் பிறந்தால் எங்கள் மருத்துவமனையில் புயல் ஒத்திகை வைப்போம். இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள் மெயினை அணைத்தார்கள். ஜெனரேட்டர் உறுமியது. லாக் புத்தகத்தில் 'ஓகே' என்று எழுதிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். மாடி ஏறி ஒரு வார்டைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. 2020-ல் நானும் இதைத்தான் செய்தேன்.

புதுச்சேரியில் மருத்துவமனைப் பராமரிப்பு வேலையில் இருப்பவன் நான். டார்ச் வாங்கி வை, தொட்டியை நிரப்பி வை என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது இந்தக் கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும்.

புது வார்டை ஜெனரேட்டரில் சேர்க்காமல் விடுவது

கொரோனா உச்சத்தில் இருந்தபோது பிசியோதெரபி பிரிவைக் காலி செய்து வார்டாக மாற்றினோம். கட்டில் போட்டாயிற்று, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்கள் வந்தாயிற்று, பிளக் பாயிண்டும் அடித்தாயிற்று. அந்தப் பகுதி ஜெனரேட்டர் லைனிலேயே இல்லை என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. பிசியோதெரபிக்கு ராத்திரியில் எதற்குக் கரண்ட் என்று கட்டடம் கட்டிய நாளில் யாரோ போட்ட கணக்கு அது.

நவம்பர் 25 இரவு பதினொன்றரை மணிக்கு மேல் நிவர் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடக்கத் தொடங்கியது. கரண்ட் அதற்கு முன்பே போயிருந்தது. ஜெனரேட்டர் சில நொடிகளில் எடுத்துக்கொள்ள, நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். இன்டர்காம் அடித்தது. அந்தப் புது வார்டின் நர்ஸ்.

"அண்ணா, ஜெனரேட்டர் சத்தம் கேக்குது. இங்க ஒண்ணும் வரலையே. மெஷின் எல்லாம் கத்துது."

கான்சன்ட்ரேட்டர் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் கருவி, அவ்வளவுதான். சிலிண்டர் மாதிரி உள்ளே சேமிப்பு கிடையாது. கரண்ட் போனால் அலாரம் அடிக்கும், ஆக்சிஜன் நிற்கும். ஆறு நோயாளிகள், கையிருப்பில் இரண்டு சிலிண்டர். பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு, பக்கத்து பிளாக்கிலிருந்து ஈரத் தரையில் எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்தேன். ஃபேஸ் ஷீல்டு முழுக்க ஆவி படிந்து சாக்கெட் எங்கே என்றே தெரியவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை அந்த நர்ஸ் மிகவும் முடியாத இரண்டு பேருக்குச் சிலிண்டரை மாட்டிவிட்டு, மற்ற நால்வரையும் குப்புறப் படுக்க வைத்துச் சமாளித்தார். ஆறு பேரும் பிழைத்தார்கள் என்றால் அது அவர் புண்ணியம், என் சாமர்த்தியம் இல்லை.

அதனால், புது வார்டு திறக்கும் அன்றே மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு பாயிண்டிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். ஜெனரேட்டர் பாயிண்டுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அப்புறம் சுமைக் கணக்கு. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தரும் கான்சன்ட்ரேட்டர் ஒன்று ஏறக்குறைய 600 வாட் இழுக்கும். இருபது மாட்டினால் 12 கிலோவாட் கூடுகிறது. வெறுமனே ஓட்டினால் எந்த ஜெனரேட்டரும் ஓடும், சுமை ஏறினால்தான் அதன் குணம் தெரியும். இன்னொன்று, வெள்ளத்துக்குப் பயந்து ஜெனரேட்டரை மேடையில் ஏற்றிவிட்டு, மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் பேனலைக் கணுக்கால் உயரத்தில் விடாதீர்கள்.

டீ குடித்து வந்த பையன்களிடம் டெஸ்டரைக் கொடுத்து மேலே அனுப்பினேன். மூன்று பாயிண்ட் செத்துக் கிடந்தன. மூன்றும் டெங்குவுக்காகப் போன மாதம் திறந்த வார்டில்.

சிலிண்டரை எண்ணிக்கையில் சொல்வது

'முப்பது இருக்கு சார்' என்பார்கள். அதில் காலி எத்தனை? மணிக்கணக்கில் சொல்லுங்கள். ஜம்போ சிலிண்டரில் ஏறக்குறைய 7,000 லிட்டர். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் போனால் பதினொன்றரை மணி நேரம். மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவியில் நிமிடத்துக்கு அறுபது லிட்டர் முழு ஆக்சிஜனாகப் போனால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கடலூர்ப் பக்கம் சாலையெல்லாம் மரம். ஆக்சிஜன் லாரி எப்படி வரும்?

டீசலுக்கு பங்க்கை நம்புவது

பங்க் பம்ப்பும் கரண்டில்தான் ஓடுகிறது.

போன் நம்பர்களை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வைப்பது

டவர் விழும். பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

தொற்று நோயாளிகளை எல்லாரோடும் ஒரே ஹாலில் இறக்குவது

வார்டைக் காலி செய்ய நேர்ந்தால் எந்தப் படி, எந்த ஹால் என்று வெயில் நாளிலேயே முடிவு செய்யுங்கள்.

மழை விட்டதும் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது ஓய்ந்ததும், சரி, முடிந்தது என்று பல இடங்களில் மாற்று ஷிஃப்டை வரச் சொல்லிவிட்டு இருந்தவர்களை அனுப்பினார்கள். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஏறக்குறைய 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர், பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. கடலூரிலிருந்து வரவேண்டிய நர்சுகள் தங்கள் வீட்டுச் சாமான்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? புயல் கடந்த பிறகும் இரண்டு நாளைக்கு ஒரு ஷிஃப்ட் ஆட்கள் கட்டடத்துக்குள்ளேயே தங்கட்டும், பாயும் சாப்பாடும் கொடுத்து. அணை நிலவரத்தைப் பார்க்க ஒருவரை உட்கார வையுங்கள், அவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை.