டெமோவில் நன்றாகத்தான் இருந்தது: வெளி யூஐ கம்போனென்ட்களைப் பயன்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊழியர்கள் விடுப்புக்கு விண்ணப்பிக்க ஒரு சின்ன வலைச் செயலி செய்துகொடுத்திருந்தோம். ஏப்ரல் 14 என்று தேர்ந்தெடுத்துச் சமர்ப்பித்தால் மேலாளரின் திரையில் ஏப்ரல் 13 என்று போய் நிற்கிறது. "சார், நான் பதினாலுன்னுதான் போட்டேன்" என்று ஒருவர் ஸ்கிரீன்ஷாட்டோடு வந்தார். தேதியைத் தேர்ந்தெடுக்க வெளியிலிருந்து எடுத்துப் போட்டிருந்த யூஐ கம்போனென்ட்டை (திரையில் ஒட்டிக்கொள்ளும் தயார்நிலைத் துண்டு), அதாவது டேட் பிக்கரை, இரண்டு நாள் திட்டித் தீர்த்தோம். கடைசியில் பார்த்தால் அதன் மேல் தப்பே இல்லை.

நடந்தது இதுதான். தேதியைத் தொட்டதும் அந்த டேட் பிக்கர் நம் கையில் கொடுப்பது ஜாவாஸ்கிரிப்டின் டேட் ஆப்ஜெக்ட். அதற்குள் இருப்பது வெறும் தேதி இல்லை, இந்திய நேரப்படி ஏப்ரல் 14 நள்ளிரவு 12 மணி. அதை ஜேசன் என்ற எழுத்து வடிவமாக்கி சர்வருக்கு அனுப்பும்போது யூடிசி என்ற உலகப் பொது நேரமாக மாறிவிடுகிறது. நாம் யூடிசியை விட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அது ஏப்ரல் 13 மாலை 6:30 ஆகிறது. சர்வர் மணியை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் சேமித்தால், முந்தின நாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே கோட் அமெரிக்காவில் ஓடினால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. நியூயார்க்கின் நள்ளிரவு யூடிசியில் அதே நாளின் விடியற்காலை; தேதி மாறாது. அங்கே உட்கார்ந்து எழுதியவருக்கும் சோதித்தவருக்கும் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். தீர்வு சின்னதுதான். தேதி மட்டும் வேண்டிய இடத்தில் டேட் ஆப்ஜெக்ட்டை அப்படியே அனுப்பாமல், ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் உள்ளூர் நேரத்திலிருந்து எடுத்து "2025-04-14" என்று எழுத்தாகவே அனுப்புங்கள். டேட் ஆப்ஜெக்ட்டை யூடிசி நேர எழுத்தாக மாற்றும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டுவது தீர்வு இல்லை, அதுதான் வியாதியே.

இந்தக் கதையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து ஒரு கம்போனென்ட் எடுக்கும்போது நாம் பார்ப்பது அதன் டெமோ பக்கத்தை. துணிக்கடை பொம்மை மேல் சட்டை எப்போதும் கச்சிதமாகத்தான் இருக்கும். பொம்மை கையைத் தூக்காது, பஸ்ஸில் ஏறாது. டெமோவில் இருப்பது அவர்களுடைய தேதி, அவர்களுடைய பெயர்கள், அவர்களுடைய இருபது வரிசைகள். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் அங்கே தொடங்கியவை.

உங்கள் டேட்டாவைப் போட்டுப் பாருங்கள்

டேட்டாடேபிள்ஸ் போன்ற ஒரு கிரிட்டை (டேட்டாவை அட்டவணையாகக் காட்டும் கம்போனென்ட்) எடுத்துக்கொள்வோம். இருபது வரிசைக்குத் தேடல், வரிசைப்படுத்தல், பக்கம் பிரித்தல் எல்லாம் இலவசமாகக் கிடைத்துவிடும். ஐம்பதாயிரம் வரிசை வந்ததும் பிரவுசர் மூச்சுத் திணறும். சரி, சர்வர் பக்கமே எல்லாம் நடக்கட்டும் என்று அந்த வசதியை இயக்குவோம். அப்போது தேடலையும் வரிசைப்படுத்தலையும் சர்வரில் நாமே எழுத வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. எக்செல் பட்டன் சத்தமில்லாமல் காலை வாரிவிடும்: சர்வர் முறையில் அது திரையில் இருக்கும் பக்கத்தை மட்டும்தான் இறக்கும். மாத இறுதியில் சம்பளப் பட்டியலை இறக்கிய கணக்காளர் "கம்பெனியில் மொத்தமே பத்து பேர்தானா?" என்று கேட்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். டேட்டா எவ்வளவு வளரும் என்று முதல் நாளே கேட்டு, அந்த அளவுக்குப் பொய் டேட்டா போட்டுப் பார்த்திருந்தால் ஒரு மதியத்தில் முடிந்திருக்கும்.

அதே கிரிட்டில் இன்னொன்று. டேட்டாடேபிள்ஸ் கட்டத்துக்குள் வரும் மதிப்பை எச்டிஎம்எல், அதாவது வலைப்பக்கக் கோட் ஆகவே எடுத்துக்கொள்ளும். ஒரு பயனர் தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்கிரிப்டோடு ஒரு இமேஜ் டேகை எழுதிவைத்தால், அட்மின் பட்டியலைத் திறக்கும்போது அது அட்மினின் பிரவுசரில் ஓடும். வெறும் எழுத்தாகக் காட்டச் சொல்லும் ரெண்டரர் அதிலேயே இருக்கிறது, நாம்தான் போட வேண்டும். பூட்ஸ்ட்ராப் என்ற யூஐ லைப்ரரியின் டூல்டிப்பிலும் (மவுஸை வைத்தால் வரும் குறிப்புப் பெட்டி) இதே வகை ஓட்டை இருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த 3.4.1, 4.3.1 பதிப்புகளில்தான் எச்டிஎம்எல்லைச் சுத்தம் செய்யும் வசதி சேர்ந்தது. "பெரிய லைப்ரரி, அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று நினைக்க வேண்டாம்.

தமிழ் உள்ள செயலி என்றால் டெமோ முழுப் பொய்யாகிவிடும். படம் இல்லாதவருக்குப் பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்டும் அவதார் கம்போனென்ட் இருக்கிறதே, அதற்கு "செல்வி" என்று கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் "ச" என்று காட்டும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் "செ" என்பது இரண்டு குறியீடுகள்; முதலில் ச, அடுத்து ஒற்றைக்கொம்பு. கம்போனென்ட் முதல் குறியீட்டை மட்டும் வெட்டி எடுக்கிறது. மீனா "ம" ஆகிறார், கோமதி "க" ஆகிறார். இப்போதைய பிரவுசர்களில் இன்டில் செக்மென்டர் இருக்கிறது, அதைக் கொண்டு முழு எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

வரிசைப்படுத்தலும் அப்படியே. கிரிட் வெறும் குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கினால் கனகா முதலிலும் கமலா அடுத்தும் வருவார்கள், ஏனென்றால் யூனிகோடில் ன இருப்பது ந-வுக்கு அடுத்து. நம் அகர வரிசையில் ன கடைசி. கமலாதான் முன்னால் வர வேண்டும். தமிழ் அகர வரிசை தெரிந்த கொலேட்டரை ஒப்பிடும் ஃபங்ஷனாகக் கொடுத்தால் சரியாகிவிடும். கிரிட் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் டேக் இன்புட், அதாவது குறிச்சொற்களைத் தட்டிச் சேர்க்கும் பெட்டி. கமா தட்டினால் ஒரு டேக் உருவாகும் என்று ஆவணத்தில் எழுதியிருப்பார்கள். லேப்டாப்பில் ஆகும். ஆண்ட்ராய்டு போனின் திரைக் கீபோர்டில் பல நேரம் ஆகாது. அங்கே எந்த எழுத்தைத் தட்டினாலும், விசை அழுத்தத்தைச் சொல்லும் கீடவுன் நிகழ்வில் பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்தான் வரும். கமா என்று தனியாகத் தெரியாது. போனில் தட்டிப் பார்க்காமல் எந்த இன்புட் கம்போனென்ட்டையும் ஏற்காதீர்கள். இது எழுதப்படும் இடத்திலும் பயன்படுத்தப்படும் இடத்திலும் ஒரே மாதிரி நடக்காத விஷயம்.

இரண்டு கம்போனென்ட் ஒரே வீட்டில்

தனித்தனியாக நல்ல பிள்ளைகள், சேர்த்து வைத்தால் சண்டை. பழைய உதாரணம், இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளில் இருப்பது: பூட்ஸ்ட்ராப் மோடலுக்குள் (பக்கத்தின் மேல் எழும் பெட்டி) செலக்ட்2 (தேடல் உள்ள டிராப்டவுன்). டிராப்டவுன் திறக்கும், பட்டியல் தெரியும், ஆனால் தேடல் பெட்டியில் ஓர் எழுத்துகூடத் தட்ட முடியாது. செலக்ட்2 தன் பட்டியலைப் பக்கத்தின் பாடிக்கு அடியில் கொண்டுபோய் ஒட்டுகிறது. மோடலோ, ஃபோகஸ் (தட்டும் எழுத்து போய்ச் சேரும் இடம்) தனக்கு வெளியே போனால் பிடித்து இழுத்து உள்ளே வைக்கிறது. இரண்டும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. நடுவில் பயனர் மாட்டிக்கொள்கிறார்.

இணையத்தில் தேடினால் மோடலிலிருந்து டேப்இண்டெக்ஸ் என்ற பண்பை நீக்கு என்று ஒரு வைத்தியம் கிடைக்கும். தட்ட முடியும், சரி. எஸ்கேப் தட்டினால் மோடல் மூடும் வசதியைக் காவு கொடுத்திருப்போம். செலக்ட்2-க்கு டிராப்டவுன்பேரன்ட் என்று ஒரு தேர்வு இருக்கிறது. பட்டியலை மோடலுக்குள்ளேயே ஒட்டச் சொன்னால் போதும், ஒரே வரி. காரணம் புரியாமல் ஒட்டுப் போடுவதுதான் இங்கே தவறு.

இசட்-இண்டெக்ஸ் சண்டையும் இதே ரகம்; அந்த எண் எதற்குப் பெரியதோ அது மேலே தெரியும். எம்யூஐ என்ற லைப்ரரியின் மோடல் 1300-இல் நிற்கும், பூட்ஸ்ட்ராப் 5-இன் மோடல் 1055-இல். இரண்டு லைப்ரரியும் ஒரே பக்கத்தில் இருந்தால் யார் மேலே என்று யோசிக்க வேண்டியதில்லை. யாராவது ஒருவர் 9999 போடுவார், அடுத்த மாதம் இன்னொருவர் 99999 போடுவார். ஒரு செயலிக்கு ஒரு யூஐ லைப்ரரி என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஒரு டேட் பிக்கருக்காக இரண்டாவது லைப்ரரி முழுவதையும் இழுத்து வருவது, கறிவேப்பிலைக்காகத் தோட்டத்தையே வாங்குகிற கதை.

உள்ளே கை விடாதீர்கள்

கம்போனென்ட்டின் உள்ளே இருக்கும் கிளாஸ் பெயரை (ஸ்டைலை ஒட்டவைக்கும் பெயர்) பிடித்து, மற்ற ஸ்டைலை மீறும் இம்பார்ட்டண்ட் போட்டு நிறம் மாற்றுவது எல்லாரும் செய்கிற வேலை. நானும் செய்திருக்கிறேன். அந்தக் கிளாஸ் பெயரை அவர்கள் நமக்கு வாக்களிக்கவில்லை. 2021-இல் மெட்டீரியல்-யூஐ ஐந்தாம் பதிப்புக்குப் போனபோது பெயரை எம்யூஐ என்று மாற்றிக்கொண்டது. ஸ்டைல் போடும் முறையையும் ஜேஎஸ்எஸ் என்ற கருவியிலிருந்து எமோஷன் என்ற கருவிக்கு மாற்றியது. தீம் வழியாக நிறம் மாற்றியவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். உள்கிளாஸ்களில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் பக்கமாகத் திருத்தினார்கள். பூட்ஸ்ட்ராப் 3-இலிருந்து 4-க்குப் போனபோது பேனலே காணாமல் போய் கார்டு வந்தது, கிளிஃபிக்கான் ஐகான்கள் மொத்தமாகப் போயின.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: வெளிக் கம்போனென்ட்டை ஒரே ஒரு ஃபைலில் மட்டும் இறக்குமதி செய்யுங்கள். நம்முடைய பெயரில் ஓர் உறை. மற்ற பக்கங்கள் எல்லாம் அந்த உறையைத்தான் கூப்பிட வேண்டும். நாங்கள் செய்த தவறு, உறை போட்டுவிட்டு உள்ளே இருக்கும் நாற்பது ப்ராப்களையும் (அமைப்புத் தேர்வுகள்) அப்படியே வெளியே திறந்துவிட்டது. அது உறை இல்லை, பெயர்ப்பலகை. எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது ஐந்து: மதிப்பு, மாறும்போது கூப்பிட ஒரு ஃபங்ஷன், குறைந்தபட்சத் தேதி, அதிகபட்சத் தேதி, முடக்கப்பட்டதா என்பது. அந்த யூடிசி பிழையைக்கூட உறைக்குள் ஒரே இடத்தில் சரிசெய்திருக்கலாம். பதினேழு பக்கங்களில் போய்த் திருத்தினோம்.

எடுத்த பிறகு யார் பொறுப்பு

2018 டிசம்பர் 25 அன்று ஆன்ட் டிசைன் என்ற யூஐ லைப்ரரியைப் பயன்படுத்திய பல செயலிகளில் பட்டன்களின் தலையில் பனி படிந்திருந்தது. மவுஸை மேலே வைத்தால் "ஹோ ஹோ ஹோ!" என்று வந்தது. லைப்ரரியை எழுதியவர்கள் மாதக்கணக்கில் முன்பே கிறிஸ்துமஸ் விளையாட்டாகச் சேர்த்துவைத்த கோட் அன்று விழித்துக்கொண்டது. வங்கிச் செயலியோ அரசு அலுவலகமோ, அதற்கென்ன தெரியும்? டெவலப்பர்கள் கொதித்தார்கள், மன்னிப்பும் வந்தது. பதிப்பைப் பூட்டிவைக்கும் லாக் ஃபைல் வைத்திருந்தாலும் இதைத் தடுத்திருக்காது, தேதியைப் பார்த்து ஓடிய கோட் அது. ஆனாலும் லாக் ஃபைலைக் கோட் சேமிக்கும் கிட்டில் ஏற்றுங்கள், சர்வரில் அதில் உள்ளபடியே நிறுவும் என்பிஎம் சிஐ கட்டளையால் நிறுவுங்கள். நீங்கள் சோதித்த பதிப்புதான் போகிறது என்ற உறுதியாவது இருக்கும்.

சிடிஎன்னில் (அடுத்தவரின் பொதுச் சர்வர்) இருந்து நேராக ஸ்கிரிப்ட் இழுப்பவர்களுக்கு அந்த உறுதிகூட இல்லை. பாலிஃபில்.ஐஓ என்ற முகவரி கை மாறிய பிறகு, 2024 ஜூனில் அதன் வழியாகத் தீங்கான கோட் பரவியது. லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை இழுத்துக்கொண்டிருந்தன. ஃபைலை உங்கள் சர்வரிலேயே வைத்துவிடுங்கள். முடியாவிட்டால், ஃபைல் மாறியிருந்தால் ஓடவிடாமல் தடுக்கும் இன்டெக்ரிட்டி ஹேஷ் போடுங்கள்.

கைவிடப்பட்ட கம்போனென்ட் இன்னொரு தலைவலி. அட்லாசியன் நிறுவனம் வெளியிட்ட, திரையில் இழுத்துப் போட உதவும் ரியாக்ட்-பியூட்டிஃபுல்-டிஎன்டி, பெயருக்கு ஏற்ற அழகு, கிட்ஹப்பில் நட்சத்திரங்களும் ஏராளம். ரியாக்ட் என்ற ஃபிரேம்வொர்க்கின் 18-ஆம் பதிப்பில், பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடில் அது வேலை செய்யவில்லை, சரிசெய்யவும் ஆள் இல்லை. மற்றவர்கள் பிரித்தெடுத்துத் தனியாகப் பராமரிக்க வேண்டியதாயிற்று. நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். கடைசி வெளியீடு எப்போது, உங்கள் ஃபிரேம்வொர்க்கின் இப்போதைய பதிப்பைப் பியர் டிபென்டென்சியில் (எந்தப் பதிப்போடு ஓடும் என்ற குறிப்பு) சொல்லியிருக்கிறார்களா, இவை இரண்டையும் பாருங்கள். நிறுவும்போதே அந்தக் குறிப்பை மீறும் லெகசி-பியர்-டெப்ஸ் போட வேண்டியிருந்தால் கதை அங்கேயே தெரிந்துவிட்டது.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. ஏஜி கிரிட் என்ற அட்டவணைக் கம்போனென்ட்டில் இலவசப் பதிப்பு வேறு, எண்டர்பிரைஸ் வேறு. உரிமச் சாவி இல்லாமலும் எண்டர்பிரைஸ் ஓடும், ஆனால் வாட்டர்மார்க் வரும். வரைபட லைப்ரரியான ஹைசார்ட்ஸ் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம். எழுதும் பெட்டியான டைனிஎம்சிஇ ஏழாம் பதிப்பில் தளர்வான எம்ஐடி உரிமத்திலிருந்து கூடுதல் நிபந்தனைகள் உள்ள ஜிபிஎல்லுக்கு மாறியது. நேற்று இலவசம் என்பது இன்றைக்கும் பொருந்தும் என்றில்லை.

முதலில் கேட்டிருக்க வேண்டியது

இந்தக் கம்போனென்ட் தேவைதானா? டிவ் என்ற வெறும் பெட்டிகளை அடுக்கிச் செய்த டிராப்டவுன் அழகாக இருக்கும். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப், அம்புக்குறி, எண்டர் மட்டும் வைத்து அதைப் பயன்படுத்திப் பாருங்கள். திரையைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவருக்கு என்ன ஆகும் என்று அப்போது புரியும். சாதாரண செலக்ட் டேகுக்கு இந்தக் கவலை இல்லை, போனில் அதற்கென்று உள்ள பட்டியலையே திறக்கும். மோடல் செய்யவென்றே உள்ள டயலாக் டேக் 2022-இலிருந்து எல்லா முக்கிய பிரவுசரிலும் இருக்கிறது. பல மோடல் லைப்ரரிகளுக்கு இன்று வேலையே இல்லை.

அந்த விடுப்புச் செயலியில் கடைசியில் டேட் பிக்கரையே எடுத்துவிட்டு, பிரவுசரின் சொந்த டேட் இன்புட்டைப் போட்டோம். அது தரும் மதிப்பு "2025-04-14" என்ற எழுத்து. நேரமும் இல்லை, யூடிசியும் இல்லை. பிக்கரை மாற்றியதை யாரும் கவனிக்கவில்லை. ஒரே ஒரு புகார் வந்தது: ஒருவருடைய பிரவுசர் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்ததால் மாதத்தை முதலில் காட்டியது, 03/04 என்பதை அவர் ஏப்ரல் 3 என்று படித்துவிட்டார். பெட்டிக்குக் கீழே தேர்ந்தெடுத்த தேதியை மாதப் பெயரோடும் கிழமையோடும் ஒரு வரியில் எழுதிக் காட்டினோம். அந்த வரியை இப்போது எல்லாத் தேதிப் பெட்டிகளுக்கும் கேட்கிறார்கள்.