தேவாலயப் பாட்டுப் பதிவைக் கேட்டே டெம்போ, கீ, மூட் மூன்றையும் கண்டுபிடிப்பது எப்படி?

கொயருக்காக (பாடகர் குழு) பாட்டுகளைச் சேர்த்துப் பட்டியல் போடுகிறவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று கட்டம் நிரப்ப வேண்டும்: டெம்போ (வேகம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி), கீ (பாட்டு வீடாக வைத்துக்கொள்ளும் சுரமும் அதன் வகையும்), மூட் (பாட்டின் உணர்வு). சினிமாப் பாட்டு என்றால் ஆப்பில் போட்டதும் பதில் வந்துவிடும். தேவாலயத்தில் பதிவு செய்த பாட்டில்தான் சிக்கல். நான் முதன்முதலில் இசையமைப்பாளர் மொசார்ட்டின் 'ஆவே வேரும் கோர்ப்புஸ்' என்ற லத்தீன் நற்கருணைப் பாட்டின் பதிவு ஒன்றைப் போட்டபோது ஆப் டெம்போ 122 என்றது. 122-இல் குத்தாட்டமே போடலாம்! நானும் அதை நம்பி அப்படியே எழுதி வைத்தேன் என்பதுதான் வெட்கக்கேடு.

அதே பாட்டை வைத்தே பழகுவோம். சின்னப் பாட்டு, மொத்தம் 46 பார்தான் (பார் என்றால் தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் மாதிரி). 1791 ஜூனில், வியன்னாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாடன் ஊர்க் கோயிலின் பாடகர் குழுவை நடத்திய அன்டன் ஸ்டோல் என்ற நண்பருக்காக, நற்கருணைத் திருவிழாவை ஒட்டி மொசார்ட் எழுதிக் கொடுத்தது. அந்த டிசம்பரிலேயே அவர் இறந்துவிட்டார். நான்கு குரல், வயலின் குடும்பம், ஆர்கன், அவ்வளவுதான்.

முதலில், எதையும் தொடாமல் ஒருமுறை கேளுங்கள். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் கீழ்க்குரல் காணாமல் போய்விடும், நமக்கு அதுதான் ரொம்பத் தேவை.

அடுத்தது டெம்போ. ஆப் ஏன் தடுமாறுகிறது என்றால், அது தேடுவது 'டப்' என்று விழும் அடியை. இங்கே டிரம்ஸ் கிடையாது, உயிரெழுத்துகளை இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள், கல்கட்டடத்தின் எதிரொலி வேறு ஒரு சொல்லின் மேல் இன்னொன்றைப் பூசிவிடுகிறது. அதனால் கையால் தட்டிப் பார்ப்பதே மேல். மெலடியை விட்டுவிட்டு பேஸ் குரல் (எல்லாவற்றிலும் கீழே ஒலிக்கும் ஆண் குரல்) எப்போது மாறுகிறது என்று கவனித்து அதோடு தட்டுங்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் எண்ண வேண்டாம், முடிவில் எல்லாக் குழுவும் வேகத்தைக் குறைத்துவிடும். நடுவில் இரண்டு இடங்களில் எண்ணினால் போதும்.

சரி பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 46 பார், பாருக்கு நான்கு அடி, ஆக 184 அடி. பதிவு 3 நிமிடம் ஓடினால் 184-ஐ 3-ஆல் வகுக்க, ஏறக்குறைய 61. நாலு நிமிடம் இழுத்தால் 46. கைத்தட்டலையும் வெறும் அமைதியையும் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். இப்போது அந்த 122 எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? 61-ஐ ஆப் இரட்டிப்பாக்கிவிட்டது. போதாததற்கு மொசார்ட் இதைப் பாருக்கு இரண்டே அடியாக எண்ணும்படி எழுதியிருக்கிறார், அப்படிப் பார்த்தால் 30 என்பதும் சரியான பதில். எந்த அடியை எண்ணினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், பின்னால் வருகிறவர் குழம்ப மாட்டார்.

கீ கண்டுபிடிக்க பாட்டின் கடைசி ஒலிக்குப் போங்கள். அங்கே பேஸ் நிற்கும் சுரத்தை முனகிக்கொண்டே போனில் உள்ள பியானோ ஆப்பில் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பாருங்கள். டி என்ற சுரத்தில் ஒட்டும். நம் ஊர்க் கணக்கில் இரண்டு கட்டை. கீ-யில் மேஜர், மைனர் என்று இரண்டு வகை. டி-யை விட்டுவிட்டு, அதற்கு மேலே கருப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணி நாலாவது கட்டையை அழுத்துங்கள், பாட்டோடு சேர்ந்தால் மேஜர். மூன்றாவது சேர்ந்தால் மைனர். இங்கே நாலாவதுதான், ஆகவே டி மேஜர்.

ஏன் கடைசி ஒலி என்றால், நடுவில் பாட்டு வீடு மாறும். முதல் பகுதி ஏ மேஜரில் போய் நிற்கிறது. 30 வினாடி மாதிரித் துண்டை மட்டும் கேட்டு ஏ மேஜர் என்று எழுதினால் தப்பு.

சில பதிவுகளில் டி-க்கும் அதற்குக் கீழ்க் கட்டைக்கும் நடுவே சுரம் ஊசலாடும். உங்கள் காது கெட்டுப்போகவில்லை. பழைய காலக் கருவிகளை வைத்து வாசிக்கும் குழுக்கள் ஏ சுரத்தை இன்றைய 440-க்குப் பதிலாக 430 ஹெர்ட்ஸில் வைத்துச் சுருதி சேர்ப்பது உண்டு, அது பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான இறக்கம். கருவியே இல்லாமல் பாடும் பாட்டுகளில் இன்னொரு தொல்லை, பாடப் பாடக் குழுவின் சுருதியே கீழே இறங்கிவிடும். அவற்றுக்குத் தொடக்கத்தையும் முடிவையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

மூட் கட்டத்தை எப்போதும் கடைசியில் நிரப்புங்கள். மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்று ஆப் சொல்லும். இந்தப் பாட்டில் அந்தக் கணக்கு செல்லாது. மேஜர்தான், ஆனால் 'அடங்கிய குரலில்' என்று மொசார்ட்டே மேலே குறித்து வைத்திருக்கிறார். சத்தம் போட்டுக் கொண்டாடும் பாட்டே இல்லை. பாதி தூரத்தில், கிறிஸ்துவின் விலா குத்தப்பட்டதைச் சொல்லும் வரியில், கீ எஃப் மேஜர் பக்கம் சரிகிறது. கண்ணை மூடிக் கேட்டால் அறையில் விளக்கைக் குறைத்த மாதிரி இருக்கும். அப்புறம் மரண வேளையைப் பற்றிய வேண்டுதல் வரும்போது பெண் குரல்கள் தொடங்க, ஆண் குரல்கள் பின்னாலேயே அதைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. ஆகவே 'அமைதி' என்று ஒரே சொல்லில் முடிக்காமல், எந்த இடத்தில் எப்படி மாறுகிறது என்று எழுதுங்கள். பாட்டின் சொற்களுக்கு அர்த்தம் தெரியாமல் இந்தக் கட்டத்தைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி.

3 நிமிடப் பதிவுக்கு என் நோட்டில் இருப்பது இது: "டெம்போ சுமார் 61 (பாருக்கு நான்கு அடி). டி மேஜர், முதல் பகுதி ஏ-யில் முடியும், நடுவில் எஃப். மூட்: தணிந்த வணக்கம், விலா வரியில் இருள், கடைசியில் கெஞ்சல், ஆனால் பயம் இல்லை."

அந்தப் பக்கத்தில் 122-ஐ அடித்த கோடு இன்னும் இருக்கிறது.