வளரும் வெப் ஆப்புக்கு டேட்டாபேஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்னும் ஆயிரம் பேர்கூட வந்து சேராத வெப் ஆப்புக்கு, கோடிப் பேர் வந்தால் தாங்குமா என்று கேட்டு டேட்டாபேஸ் தேடுகிறார்கள். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அதை முதலில் கேட்டுவிட்டால், நம் தரவு எப்படிப்பட்டது, அதிலிருந்து என்னென்ன கேட்கப் போகிறோம் என்ற யோசனை பின்னுக்குப் போய்விடுகிறது.

டிசைன் வரையும் ஆப்பான ஃபிக்மா 2020இல்கூட, தரவை டேபிள்களாக வைக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒரே ஒன்றில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அமேசான் கிளவுடில் கிடைத்த ஆகப் பெரிய இயந்திரம், அவ்வளவுதான். குறிப்பெடுக்கும் ஆப்பான நோஷனும் ஒரே போஸ்ட்கிரெஸில் வளர்ந்த பிறகு, 2021இல்தான் தரவை 480 துண்டுகளாக்கி 32 டேட்டாபேஸ்களில் பரப்பியது. உங்கள் ஆப் முதல் வருடத்திலேயே இவர்களைத் தாண்டும் என்றால் தாராளமாக ஷார்டிங் (இப்படித் துண்டாக்கிப் பரப்புவது) பற்றி யோசியுங்கள். மற்ற எல்லோருக்கும் ஒரு நல்ல சர்வரும் ஒழுங்கான இன்டெக்ஸும் (புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி, தேடுவதை உடனே காட்டுவது) பல வருடம் போதும்.

அடுத்து, "ஸ்கீமா வேண்டாம், வேகமாக எழுதிவிடலாம்" என்று, தரவை டேபிளாக இல்லாமல் டாக்குமென்டுகளாக வைக்கும் மாங்கோடிபி பக்கம் போவது. ஸ்கீமா என்றால் தரவுக்கு முன்கூட்டியே போடும் வடிவ வரையறை. ஆன்லைன் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர், ஆர்டர், பொருள், பணம் என எல்லாமே ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. இதை டாக்குமென்டுகளாக உடைத்தால் ஒரே தகவல் பத்து இடத்தில் பிரதியாகும்; ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் தேடிப்பிடித்து மாற்ற வேண்டும். ஸ்கீமாவும் உண்மையில் எங்கும் போய்விடுவதில்லை, நிரலுக்குள் ஒளிந்துகொள்கிறது. போன் நம்பர் ஓர் இடத்தில் எண், இன்னோர் இடத்தில் எழுத்துச்சரம், பழைய டாக்குமென்டில் அந்தப் பகுதியே இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒவ்வொரு ஃபங்ஷனும் இதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். ஒரு பதிவுக்கு வரும் கமென்ட் எல்லாவற்றையும் அந்தப் பதிவுக்குள்ளேயே அடுக்கிக்கொண்டே போகிறவர்கள், ஒரு டாக்குமென்டுக்கு 16 எம்பிதான் வரம்பு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மாங்கோடிபி மோசம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் வெவ்வேறு விவரங்கள், படிக்கும்போது மொத்தமாகப் படிக்கிறோம் என்றால் அது பொருத்தம்தான். ஆனால் 2014இல் வந்த 9.4 பதிப்பிலிருந்தே போஸ்ட்கிரெஸில் டாக்குமென்ட் மாதிரித் தரவை வைக்க ஜேசன்பி வகை இருக்கிறது. ஒழுங்கான டேபிள்களுக்கு நடுவே, வடிவம் மாறும் பகுதிக்கு மட்டும் ஒரு ஜேசன்பி நெடுவரிசை (column) வைத்துக்கொள்ளலாம். கார்டியன் பத்திரிகை 2018இல் மாங்கோவிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு வந்தபோது தன் கட்டுரைகளை இப்படி ஜேசன்பியில்தான் வைத்தது.

பெரிய நிறுவனங்களின் கதையைப் பாதியோடு நிறுத்திவிட்டு அதே கருவியை எடுத்து வைப்பது இன்னொரு வழக்கம். சாட் ஆப்பான டிஸ்கார்ட் 2015இல் மாங்கோடிபியில் தொடங்கியது. அந்த நவம்பரிலேயே பத்துக் கோடி மெசேஜ் சேர்ந்துவிட, தரவும் இன்டெக்ஸும் ராமில் அடங்காமல் திணறியது. பல சர்வர்களில் தரவைப் பரப்பி வைக்கும் கசாண்ட்ராவுக்குப் போனார்கள். 2022 தொடக்கத்தில் அது 177 நோடுகளாக (சர்வர்களாக)ப் பெருத்து, பராமரிப்பே பெரிய தலைவலியாகி, கடைசியில் 72 நோடு கொண்ட, கசாண்ட்ராவை ஒத்த ஸ்கில்லாடிபிக்கு மாறினார்கள். இதைப் படித்துவிட்டு "சாட் ஆப் என்றால் கசாண்ட்ரா" என்று முடிவு கட்டுகிறார்கள். கவனிக்க வேண்டியது வேறு. டிஸ்கார்டின் முக்கியமான குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) தெளிவானது: இந்தச் சேனலில் இந்த நேரத்தை ஒட்டிய மெசேஜ்களைக் கொடு. கசாண்ட்ராவில் குவெரியை முதலில் முடிவு செய்து அதற்கேற்ப டேபிளை வடிவமைக்க வேண்டும். நாளைக்கு முதலாளி வந்து "போன மாசம் மதுரையில 500 ரூபாய்க்கு மேல வாங்கினவங்க யாரு, அதுல எத்தனை பேர் மறுபடி வந்தாங்க" என்று கேட்டால் கசாண்ட்ரா முழிக்கும். வளரும் ஆப்பில் வாராவாரம் வருவது இந்த மாதிரிக் கேள்விகள்தான்.

சரி, தேர்ந்தெடுத்தாயிற்று, ஆப் மெதுவாகிவிட்டது. உடனே டேட்டாபேஸை மாற்றும் பேச்சு எழும். அதற்கு முன், குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும், இன்டெக்ஸ் இல்லாததால் ஒரு குவெரிக்காக டேபிள் முழுவதையும் வாசித்துக்கொண்டிருக்கும். போஸ்ட்கிரெஸ் ஃபாரின் கீ நெடுவரிசைக்கு (வேறொரு டேபிளின் பதிவைச் சுட்டுவது) தானாக இன்டெக்ஸ் போடாது என்பது பலருக்குத் தெரியாது. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி போட்டுவிடும் என்பதால், அங்கிருந்து வருகிறவர்கள் நன்றாக மாட்டிக்கொள்வார்கள். கனெக்‌ஷனும் அப்படித்தான். போஸ்ட்கிரெஸில் இயல்பு வரம்பு 100, ஒவ்வொன்றுக்கும் தனி ப்ராசஸ். ஆப் சர்வர்களைக் கூட்டக் கூட்ட அது நிரம்பிவிடும். இருக்கும் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் மாதிரி ஒன்றை நடுவில் வைத்தால் தீரும் பிரச்சினைக்கு டேட்டாபேஸையே குறை சொல்வது அநியாயம். ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகல்) சேர்த்தாலும் ஒரு விஷயம் உண்டு: அது சற்றே பின்தங்கி வரும். முகவரியை மாற்றி சேவ் செய்தவருக்கு அடுத்த பக்கத்தில் பழைய முகவரியே தெரிந்தால், அவர் மறுபடி மாற்றுவார்.

தமிழ்த் தரவு வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாகச் சில சங்கடங்கள் உண்டு. ஆங்கிலத்தில் வரும் வழிகாட்டிகள் இவற்றைத் தொடுவதேயில்லை. மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) ஓர் எழுத்துக்கு மூன்று பைட் மட்டுமே தரும். நாம் எழுதும் தமிழுக்கு அது சரியாகப் போதும், அதனால் சோதனையில் எல்லாம் பாஸ். யாராவது ஓர் எமோஜி போட்டால், அதற்கு நாலு பைட் வேண்டும், பிழை வரும். யூடிஎஃப்8எம்பி4 என்று வைத்தால் தீர்ந்தது, 8.0 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு. நெடுவரிசையின் நீளத்தையும் தாராளமாக வையுங்கள். கிருஷ்ணமூர்த்தி என்பது நமக்கு எட்டு எழுத்து, புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் டேட்டாபேஸ் கணக்கில் 15.

வரிசைப்படுத்தல் இன்னும் வேடிக்கை. யூனிகோடு எண் வரிசையில் ன, ப-வுக்கு முன்னால் வருகிறது. அதனால் கனகா முதலில், கபிலன் அடுத்து என்று பட்டியல் வரும்; அகராதி முறைப்படி அது தலைகீழ். போஸ்ட்கிரெஸ் 10இலிருந்து ஐசியூ கொலேஷன் (மொழிக்கேற்ற வரிசை முறை) இருக்கிறது, தமிழுக்கு அதைக் குறிப்பிட்டால் சரியாகும். 12ஆம் பதிப்பில் தேடலுக்காகச் சொல்லின் விகுதிகளை நீக்கும் தமிழ் ஸ்டெம்மரும் சேர்ந்தது. எல்லா வேற்றுமை உருபையும் அது சரியாகப் பிடித்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் தேடலுக்கென்று முதல் நாளே எலாஸ்டிக்சர்ச் என்ற தனித் தேடல் மென்பொருளை ஏற்றுவதற்கு முன் சோதித்துப் பார்க்கலாம்.

சின்ன விஷயங்கள் இரண்டு. பணத்தை, தசமத்தைத் தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட்டில் வைக்காதீர்கள். நியூமெரிக், அல்லது பைசாக் கணக்கில் முழு எண். ஐடிக்கு பிக்இன்ட் வையுங்கள். சாதாரண இன்டிஜர் 2,147,483,647இல் முடிந்துவிடும். 2018 நவம்பரில் புராஜெக்ட் நிர்வாக ஆப்பான பேஸ்கேம்ப் 3 இதில் இடித்துக்கொண்டு சுமார் ஐந்து மணி நேரம் எதையும் எழுத முடியாமல், படிக்க மட்டும் முடிகிற நிலையில் நின்றது.

எந்த டேட்டாபேஸ் வேகம் என்று நாள் கணக்கில் வாதாடும் டீம், அது விழுந்தால் தூக்கி நிறுத்த யாருக்குத் தெரியும் என்று மட்டும் கேட்பதில்லை. மென்பொருள் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று, ஓர் இன்ஜினியர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸின் தரவு டைரக்டரியை அழித்துவிட்டார். அன்றாட பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பும் சர்வரின் பதிப்பும் ஒத்துப்போகாததால் பேக்கப் எடுபடாமலே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மெயில்களும் நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

ஆகவே தேர்வு செய்யும்போதே, நிர்வாகம் செய்து தரும் சேவையை எடுப்பதா, நாமே பார்த்துக்கொள்வதா என்பதையும் சேர்த்து முடிவு செய்யுங்கள். சின்ன டீமுக்கு முதல் வழிதான் நல்லது என்பது என் எண்ணம், கொஞ்சம் காசு அதிகம் என்றாலும். அப்படி எடுக்கும்போது, வேறு இடத்துக்குத் தூக்கிப்போக முடிகிற ஒன்றாகப் பாருங்கள்: போஸ்ட்கிரெஸ் டம்ப்பை (மொத்தத் தரவின் நகல் கோப்பு) எந்த கிளவுடிலும் ஏற்றலாம், டைனமோடிபி அமேசானின் சேவை மட்டுமே. அப்புறம், மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றி, ஆப்பை அதோடு இணைத்து, கடைசி ஆர்டர் வரை இருக்கிறதா, ஏற்ற எவ்வளவு நேரம் பிடித்தது என்று எழுதி வையுங்கள்.