பழைய மஹிந்திரா தார் ஜீப்புக்கு எக்ஸ்ட்ரா லைட் மாட்டணுமா, பாக்ஸ்ல போட்ட வாட்ட மட்டும் நம்பாதீங்க

126 வாட்னு பாக்ஸ்ல பெருசா போட்டிருந்த லைட் பார் ஒண்ண ஆன்லைன்ல 1,400 ரூபாய்க்கு வாங்கி என் பழைய தார் பேட்டரில நேரா குடுத்து, கரண்ட அளக்குற கிளாம்ப் மீட்டர வயர்ல கவ்வ விட்டேன். 3.1 ஆம்ப்ஸ் காட்டுச்சு. பேட்டரி 12.6 வோல்ட், பெருக்கிப் பாருங்க, 39 வாட். மிச்சம் 87 வாட் அட்டைப்பெட்டியோட போச்சு. பல்பு எண்ணிக்கைய தலைக்கு 3 வாட்னு பெருக்கி போட்டுடறாங்க, 42 எல்இடி இருந்தா 126, அவ்ளோதான் கணக்கு.

அதுக்காக அது குப்பைனு சொல்ல மாட்டேன், நெஜமாவே 39 வாட் எல்இடின்னா நல்ல வெளிச்சம் தான், மூணு வருஷமா ஓடுது. ஆனா 300 வாட்னு போட்டது இதவிட டபுளா அடிக்கும்னு நெனச்சு கூட ரெண்டாயிரம் குடுக்குறீங்க பாருங்க, அங்க தான் ஏமாறுறீங்க. கடைல வாங்குனா மீட்டர் வச்சு காட்ட சொல்லுங்க, சென்னைல ஜிபி ரோடு மாதிரி எடத்துல டெஸ்ட் பண்ண பேட்டரி வச்சிருப்பாங்க. டிசி ஆம்ப்ஸ் அளக்குற கிளாம்ப் மீட்டரா இருக்கணும், வீட்டு வயரிங் பாக்குற எலக்ட்ரீஷியன் வச்சிருக்கறது பெரும்பாலும் ஏசி மட்டும் தான் காட்டும்.

புது லைட் வாங்குறதுக்கு முன்னாடி இருக்கற ஹெட்லைட்ட பாருங்க. பழைய வண்டில எச்4 ஹாலோஜன் பல்பு, ஹைபீம் 60, லோபீம் 55 வாட், கரண்ட் ஸ்விட்ச் வழியா மெல்லிசு வயர்ல சுத்திட்டு வரும். வோல்டேஜ் 10 சதவீதம் கொறஞ்சாலே ஹாலோஜன் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் கொறஞ்சுடும். இஞ்சின் ஓடும்போது பேட்டரிலயும் பல்பு பின்னாலயும் வோல்டேஜ் பாருங்க, ஒரு வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா ஒரு ரிலே ஹார்னஸ், அதாவது பேட்டரில இருந்து நேரா பல்புக்கு கரண்ட் குடுக்குற வயர் செட், போடுங்க, கண்ணாடி மங்கிப் போயிருந்தா பாலிஷ் போடுங்க. பாதிப் பேருக்கு இதோட கதை முடிஞ்சுடும்.

இன்னும் வேணும்னா, எங்க ஓட்டுறீங்கன்னு யோசிங்க. எல்லாரும் தூரமா அடிக்கணும்னு ஸ்பாட் பீம் தேடுறாங்க. நான் அதிகம் போறது ஆழியார்ல இருந்து வால்பாறை, 40 கொண்டை ஊசி வளைவு, அங்க ஸ்பாட் லைட் என்ன பண்ணும்னா வளைவுல ரோட விட்டுட்டு நேரா பள்ளத்துக்கு அடிக்கும். உங்களுக்கு தெரிய வேண்டியது பக்கத்துல திட்டு எங்க முடியுது, வளைவு ஓரத்துல காட்டுமாடு நிக்குதாங்கறது தான், அது கருப்பா அசையாம நிக்கும், தலைய திருப்பி கண்ணு மின்னுனா தான் தெரியும். அதுக்கு அகலமா விழற பீம் வேணும். நேஷனல் ஹைவேல எதிர்ல வண்டி வந்துட்டே இருக்கும், ஹைபீமே போட முடியாது, அப்புறம் ஸ்பாட் எதுக்கு? அதுவும் தூரம் ரெண்டு மடங்கு வேணும்னா வெளிச்சம் நாலு மடங்கு வேணும், சீப் லைட்ல அது நடக்காது. அகலம் சீப்பா கெடைக்கும்.

மஞ்சு எறங்குனா இன்னொரு தொல்லை. மேல கூரைல மாட்டுன பார் வெளிச்சம் நம்ம கண்ணுக்கு நேரா இருக்கற மஞ்சுல பட்டு வெள்ளை சுவர் மாதிரி திரும்பி வரும், மஞ்சு இல்லாட்டியும் பானெட் பளபளக்கும். அதனால கீழ பம்பர்ல, மேல் பக்கம் வெட்டுன மாதிரி முடியற ஃபாக் பீம் ஜோடி ஒண்ணு, 3000 கெல்வின் மஞ்சள் கலர்ல. நம்ம மலைக்கு முதல் செலவு இது தான்னு நான் சொல்வேன்.

சட்டமும் இதுக்கு தான் ஒத்து வருது. 1989 மத்திய மோட்டார் வாகன விதில 111-வது, முன்னாடி ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டக்கூடாது, பதிவு பண்ற அதிகாரி முன்கூட்டியே அனுமதி குடுத்தா தான் உண்டு. பம்பர் முன்னாடி போடற இரும்புக் கம்பி, அந்த புல் பார்ல மாட்டலாம்னு பாத்தா, அதையே எடுக்கச் சொல்லி 2017 டிசம்பர்ல மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிடுச்சு. என் லைட் பார நண்பர் எஸ்டேட்டுக்குள்ள போகும்போது மட்டும் பிராக்கெட்ல மாட்டிக்கறேன், ரோட்டுக்கு வந்தா கழட்டி டிக்கில.

சீப் லைட்ட கைல எடுத்ததும் எடைய பாருங்க, பின்னால அலுமினியம் ஃபின் கனமா இல்லைன்னா சூடு போக வழியில்ல, எல்இடி சீக்கிரம் மங்கிடும். தூசி, தண்ணி உள்ள போகாதுங்கறதுக்கு ஐபி67ன்னு எல்லாத்துலயும் தான் அச்சடிச்சிருக்கான். நான் பண்றது, ரிட்டர்ன் டேட் முடியறதுக்குள்ள அரை மணி நேரம் எரிய விட்டு, சூட்டோட ஆஃப் பண்ணி, ஹோஸ்ல தண்ணி அடிப்பேன். உள்ள காத்து சுருங்கும்போது சீல் சரியில்லைன்னா தண்ணிய உறிஞ்சிடும், மறுநாள் கண்ணாடி உள்பக்கம் வேர்த்திருக்கும். அப்படியே எஃப்எம் போட்டு லைட்ட ஆன் பண்ணிப் பாருங்க, கர்ர்ர்னு இரைச்சல் வந்தா உள்ள இருக்கற டிரைவர் சர்க்யூட் மட்டம்.

லைட்ல மிச்சம் புடிச்ச காச வயரிங்ல போடுங்க, இதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். கூட்டாளி ஒருத்தன் ஹெட்லைட் வயர சுரண்டி முறுக்கி டேப் சுத்தி ரெண்டு 55 வாட் ஹாலோஜன் குடுத்தான், பொள்ளாச்சி தாண்டறதுக்குள்ள ஹோல்டர் உருகி ரெண்டு ஹெட்லைட்டும் போச்சு. ரெண்டு 55ன்னா 110 வாட், 9 ஆம்ப்ஸ் மேல, அத தாங்குற வயர் அது இல்ல. பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 15 ஆம்ப் ஃப்யூஸ், அங்கிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் ரிலேல 30னு நம்பர் போட்ட பின்னுக்கு, 87-ம் பின்ல இருந்து லைட்டுக்கு, 86 ஸ்விட்சுக்கு, 85 பாடி எர்த்துக்கு. எர்த் குடுக்கற எடத்துல பெயின்ட்ட சுரண்டிட்டு குடுங்க. அனுமதி வாங்கி தூரமா அடிக்கற லைட் மாட்டுனா ஸ்விட்சுக்கு கரண்ட ஹைபீம்ல இருந்து எடுங்க, டிம் பண்ணா கூடவே அணைஞ்சுடணும், எதிர்ல வர்றவன திட்ட விடாதீங்க. ஃபாக்னா பார்க்கிங் லைட்ல இருந்து எடுங்க. வாரன்டி இருக்கற புது வண்டின்னா வயர வெட்டாம, இருக்கற பிளக்லயே சொருகற கப்ளர் டு கப்ளர் ஹார்னஸ் கேட்டு வாங்குங்க.

மாட்டி முடிச்சதும் ராத்திரி சமதளத்துல, சுவர்ல இருந்து 25 அடி தள்ளி நிறுத்துங்க. லைட் எவ்ளோ உயரத்துல இருக்கோ அந்த உயரத்துக்கு சுவர்ல சாக்பீஸ்ல கோடு போட்டு, வெளிச்சத்தோட மேல் விளிம்பு அதுக்கு நாலு விரக்கடை கீழ நிக்கற மாதிரி சாய்ங்க. வழக்கமா பின்னாடி ஆள், சாமான் ஏத்துவீங்கன்னா ஏத்திட்டே பண்ணுங்க, வெயிட் ஏறுனா மூக்கு தூக்கும், பீமும் தூக்கும். கரடுமுரடான வழில ஒரு தடவ போய்ட்டு வந்ததும் நட்ட திரும்ப முறுக்குங்க, என்னுது முதல் வாரமே லூஸ் ஆயி வானத்த பாத்துட்டு இருந்துச்சு.