அந்தி மந்தாரையில் நிறக் கலப்பு செய்து பார்க்கும் முறை
தலைமுறையாகச் சிவப்பே பூக்கும் அந்தி மந்தாரைச் செடியொன்றையும் வெள்ளையே பூக்கும் செடியொன்றையும் தேர்ந்தெடுங்கள். வரி விழுந்த பூக்கள் கணக்கைக் குழப்பும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. அன்று மாலை விரியவிருக்கும் சிவப்பு மொட்டைப் பிற்பகலிலேயே மெல்லப் பிரித்து, ஐந்து மகரந்தத் தாள்களையும் இடுக்கியால் அகற்றிவிட்டு, காகித உறையால் மூடுங்கள். மாலையில் வெள்ளைப் பூவின் மகரந்தத்தை அந்தச் சிவப்புப் பூவின் சூல்முடியில் (மகரந்தத்தை ஏற்கும் நுனியில்) தடவி, மீண்டும் மூடி, காம்பில் நூல் கட்டுங்கள். ஒரு பூவுக்கு ஒரே விதைதான். ஆகவே பல பூக்களில் இதைச் செய்ய வேண்டும்.

அவ்விதைகளில் வளரும் செடிகள் இளஞ்சிவப்பாகப் பூக்கும், ஏனெனில் சிவப்புக்குரிய மரபணு ஒரு பிரதி மட்டும் இருக்கையில் நிறமி குறைவாகவே உருவாகிறது. அவற்றைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால், அடுத்த தலைமுறையில் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை ஏறத்தாழ 1:2:1 விகிதத்தில் பிரியும். பத்துச் செடிகளில் இவ்விகிதத்தைத் தேடுவது வீண், நாற்பது செடிகளாவது வேண்டும்.