ரூட்டர், டிவிஆர், ஃபயர்வால்: அப்டேட் போடும் முறை

பெங்களூரில் அல்சூர், சிவாஜி நகர் பக்கம் கடையோ சின்ன ஆபீஸோ நடத்துகிறவர்கள் கம்ப்யூட்டருக்கு அப்டேட் போட்டுவிடுகிறார்கள். சுவரில் மாட்டிய ரூட்டரையும் சிசிடிவி டிவிஆரையும் (கேமரா காட்சிகளைப் பதியும் பெட்டி) பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. 2016இல் மிராய் என்ற மால்வேர் புகுந்தது இந்த மாதிரிப் பெட்டிகளில்தான். தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதே அதற்குப் போதுமாக இருந்தது. அது மெமரியில் மட்டும் தங்குவதால் பெட்டியை ஆஃப் செய்து போட்டால் போய்விடும். பழைய பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் திரும்பவும் வந்துவிடும்.

முதலில் ரூட்டரின் அட்மின் பக்கத்தில் (பிரவுசரில் திறக்கும் செட்டிங்ஸ் பக்கம்) எந்தெந்தச் சாதனம் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். கேமரா, பிரிண்டர், பயோமெட்ரிக் வருகைப் பதிவு மெஷின் எதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கர். மாடல் எண் மட்டும் போதாது, பக்கத்தில் வி1, வி2, வி3 என்று இருக்கும் ஹார்டுவேர் வெர்ஷனும் வேண்டும். ஒரே மாடலுக்குள் வி2க்கும் வி3க்கும் சிப் மாறியிருக்கலாம். வேறு வெர்ஷனுக்கான ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றினால் பெட்டி திரும்ப எழாமலே போகலாம்.

ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அங்கே ஷா-256 எண் (ஃபைல் மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) கொடுத்திருந்தால், விண்டோஸ் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளை கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அந்த ஃபைல் வேண்டாம். பிறகு இப்போதுள்ள செட்டிங்ஸை பேக்கப் எடுத்து வேறொரு இடத்தில் வையுங்கள். பிபிபிஓஇ இணைப்பு (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்தால்தான் நெட் வரும் வகை) என்றால் அதன் யூசர்நேம், பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வைப்பது நல்லது. ரீசெட் ஆனால் இவை இல்லாமல் நெட் வராது.

ஏற்றும்போது வைஃபை வேண்டாம், லேன் கேபிள் போடுங்கள். ரூட்டரும் லேப்டாப்பும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். ஏப்ரல், மே மாத மாலைகளில் இடியோடு மழை வந்தால் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஃபிளாஷ் மெமரியில் பாதி எழுதிய நிலையில் கரண்ட் போனால், பல மலிவான ரூட்டர்களைச் சரிசெய்ய வழியே இருக்காது. காலை வேளையே பாதுகாப்பு. ஸ்கிரீன் நின்றுவிட்டதுபோல் தெரிந்தாலும் பத்து நிமிடம் பொறுங்கள், ஸ்விட்சைத் தொடாதீர்கள்.

ஆபீஸ் ஃபயர்வாலில் (நெட்வொர்க்குக்குள் எது வரலாம், போகலாம் என்று ரூல் வைத்துத் தடுக்கும் பெட்டி) இன்னொரு சிக்கல் உண்டு. மிகப் பழைய வெர்ஷனிலிருந்து புதியதற்கு ஒரே தாவலில் போனால் ரூல்கள் சிதையலாம். எந்த வெர்ஷன் வழியாகப் போக வேண்டும் என்று ரிலீஸ் நோட்டில் இருக்கும். அந்த வரிசையிலேயே போங்கள். ஒன்று போனால் மற்றொன்று எடுத்துக்கொள்ளும்படி ஜோடியாக ஓடும் ஃபயர்வால் என்றால் காத்திருப்பில் உள்ளதற்கு முதலில் அப்டேட் போடுங்கள். சப்ஸ்கிரிப்ஷன் முடிந்த ஃபயர்வாலில் விளக்கு எரியும், ரூல்களும் ஓடும், ஆனால் புதிய தாக்குதல்களை அடையாளம் காட்டும் சிக்னேச்சர் வராது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

எல்லாம் முடிந்ததும் வெர்ஷன் எண் மாறியதா என்று பாருங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்து செட்டிங்ஸைத் திறப்பது), யுபிஎன்பி (உள்ளே இருக்கும் சாதனங்கள் தாமாகவே ரூட்டரில் வழி திறந்துகொள்வது) இரண்டும் அணைந்தே இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அப்டேட்டுக்குப் பின் சில பெட்டிகள் இவற்றைத் தானாகத் திறந்துவிடும். டிவிஆருக்கு போர்ட் ஃபார்வர்டிங் (இணையத்திலிருந்து நேரே டிவிஆருக்கு விடும் வழி) இருந்தால் எடுத்துவிட்டு, வெளியிலிருந்து பார்க்க விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) வையுங்கள்.

தயாரிப்பாளரே அப்டேட் நிறுத்திவிட்ட ரூட்டர் என்றால் மாற்றிவிடுங்கள். அப்படிப்பட்ட கேமராவை உடனே மாற்றக் காசு இல்லையென்றால், தனி நெட்வொர்க்கில் வைத்து அதற்கு இணையத்தை அடைத்துவிடுங்கள். டிவிஆரும் அதே நெட்வொர்க்கில் இருந்தால் ரெக்கார்டிங் நிற்காது.